முந்தைய பதிவு: ரத்து

குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில். சும்மா சொல்லவில்லை, அதற்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. "பொறந்ததுலேர்ந்து இவ ஓசியில செஞ்ச வேலைக்கு இப்பத்தான் ஒருத்தன் கூலி குடுக்குறான்" என்பான் என் அண்ணன். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். அண்ணன் இதை மட்டும் தமிழில், அதுவும் வாசலில் நின்று சொல்வான். அக்கம்பக்கத்துக்கும் கேட்க வேண்டுமாம்.

மதுரை காளவாசலில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஒன்பது பேர். கடைக்காரர், ஆஸ்பத்திரிக்காரர், லாரி செட்காரர் என்று யார் வந்தாலும், அவர்கள் தொழில் எந்த விதிப்படி நடக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ற மென்பொருள் செய்து கொடுப்போம். அதை எழுதுகிறவன் எழுமலைக்காரன் ஒருவன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் எழுதியதை உடைத்துப் பார்க்கிறவள் நான். நான் அவனைத் தம்பி என்பேன், அவன் என்னை அக்கா என்பான், மற்றபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை சண்டைதான்.

சென்ற வருடம் அவனியாபுரம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண மண்டபத்து மேனேஜர் வந்தார். மண்டபம் பதிவு செய்வதற்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்றார். உங்கள் விதிகளைச் சொல்லுங்கள் என்று நோட்டைத் திறந்தேன்.

"ரூலா? அப்பிடி ஒண்ணும் கெடையாது தங்கச்சி. வந்து கேப்பாங்க. நாள் காலியா இருந்தா குடுப்போம். அம்புட்டுத்தான்."

மூன்று டீ குடித்து முடிப்பதற்குள் அந்த அம்புட்டிலிருந்து நாற்பத்தொரு விதிகள் வெளியே வந்தன. ஆடியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து உண்டு. மார்கழியில் இரண்டும் கிடையாது, கம்பெனி மீட்டிங் உண்டு. கெடா விருந்துக்கு மறுநாள் சைவக் கல்யாணம் என்றால் பாத்திரம் வேறு செட். ஒரே நாளை இரண்டு வீட்டார் கேட்டால் முதலில் கேட்டவருக்கே நாள்.

"ரெண்டாவது ஆளு பத்திரிகையே அடிச்சுட்டு வந்து நின்னா என்னண்ணே செய்வீங்க?" என்றேன்.

மேனேஜர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். "அடிச்சுட்டா பாவம்ல?" என்றார். பாவத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தம்பி என்னைப் பார்த்தான்.

ரத்து செய்வதைப் பற்றிக் கேட்டபோதுதான் மனிதர் பெருமூச்சு விட்டார். "அத ஏன் கேக்குறீங்க. போன வருசம் ஒரு தாய்மாமன். முறையா வந்து அழைக்கலைன்னு கோவம். நேரா எனக்குப் போனப் போட்டு, கல்யாணம் நின்னுபோச்சு, மண்டபத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்கன்னுட்டாரு. நானும் நம்பி ஒரு காதுகுத்துக்குக் குடுத்துட்டேன். அன்னைக்கு விடிஞ்சா ஒரு வாசல்ல மாப்ள வீட்டு வேன், இன்னொரு வாசல்ல காது குத்த வந்தவங்க வேன்."

"அப்புறம்?"

"மேடையில தாலி, சாப்பாட்டு ஹால்ல காது."

சிரித்துச் சிரித்துத் தம்பிக்குப் புரை ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். ரத்து செய்வதென்றால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டின் போனுக்கும் ஓடிபி போக வேண்டும். ரத்துக்குக் காரணம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதே நாளை அடுத்து வாங்குகிறவரின் ரசீதில், இந்த நாளுக்கு முன்பு ஒரு பதிவு இருந்தது, அது இன்ன காரணத்தால் ரத்தானது என்று ஒரு வரி அச்சாக வேண்டும், நாளைக்கு யாரும் வந்து வாசலில் சண்டை போடக் கூடாதல்லவா. மூன்றும் என் உபயம்.

"காரணம் எதுக்குக்கா? ரத்துன்னா ரத்து" என்றான் தம்பி.

"ஒரு கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதியிருக்கணும்டா" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போல. அவன் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக்கொண்டான்.

அடுத்த இரண்டு மாதம் நான் கல்யாணம் செய்துவைத்தே களைத்துப் போனேன். கல்யாணத் தரகர் ஆயுசு முழுக்க முடிக்கிற கல்யாணத்தை நான் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிப்பேன். ஆடி அமாவாசையில் முகூர்த்தம் வைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஆளாகப் போட்டேன். பிப்ரவரி முப்பதில் வரவேற்பு வைத்தேன், மென்பொருள் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. விருந்தினர் எண்ணிக்கையில் மைனஸ் நாற்பது என்று போட்டதற்கும் 'பதிவு உறுதி' என்று பச்சையில் சிரித்தது.

தம்பி கொதித்துப் போனான். "மைனஸ் நாப்பது பேரு எவன் கல்யாணத்துக்குக்கா வருவான்?"

"ஒன் கல்யாணத்துக்கு வருவான். மொதல்ல அதத் திருத்து."

இப்படி உடைத்து, திருத்தி, மறுபடி உடைத்து, ஆடி பிறந்ததும் மண்டபத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினோம். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் காற்றாடிக் கிடந்தது. நிஜமாகவே ஓடத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு பதிவு போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். போட்டுப் பார்த்ததும் துடைத்துவிட வேண்டும். ஆவணியில் ஒரு நல்ல வளர்பிறை முகூர்த்தமாகப் பார்த்து, பெண் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன், மாப்பிள்ளை வீட்டு எண்ணுக்குத் தம்பியின் எண்ணைப் போட்டேன். 'பதிவு உறுதி' என்று வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வாழைக்காய் பஜ்ஜியோடு வந்தார். சூடான பஜ்ஜி. வேறென்ன சொல்ல? கையைத் துடைத்தேன், பதிவைத் துடைக்கவில்லை.

அடுத்தவன் வேலையில் புள்ளி விட்டுப்போனாலும் பொறுக்காத நான் செய்த லட்சணம் இது. மூன்று வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார்.

"தங்கச்சி, ஆவணியில ஒங்களுக்குக் கல்யாணமாமே? ஒரு வார்த்த சொல்லலையே."

அட கண்றாவியே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். விஷயம் அதோடு முடியவில்லை. அவர் எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாராம். அவனியாபுரத்திலேயே தையல் கடை வைத்திருப்பவர். மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறார். திடீரென்று லீவு கிடைத்திருக்கிறது, அந்த லீவுக்குள் வருவது இந்த ஒரு முகூர்த்தம்தான். இதை விட்டால் அடுத்த லீவு ஒரு வருடம் கழித்து. "ஊருல ஒரு மண்டபம் காலியில்ல. அலைஞ்சு அலைஞ்சு கடைசியா இங்க வந்து நிக்கிறாங்க. அந்த நாள்ல நீங்க உக்காந்திருக்கீங்க" என்றார்.

"அது சும்மா டெஸ்டுக்குப் போட்டதுண்ணே. ரத்து பண்ணிருங்க."

"நான் எப்பிடிப் பண்ண? ரெண்டு வீட்டுச் சம்மதமும் வேணும்னு நீங்கதான வச்சீங்க?"

எனக்கும் தம்பிக்கும் ஓடிபி வந்தது. இரண்டு பேரும் சொன்னோம். மேனேஜர் விடாமல் கேட்டார், "காரணம் கேக்குது தங்கச்சி. மூணு இருக்கு. துக்கம், தேதி மாற்றம், வரன் ஒத்துவரவில்லை. எதப் போட?"

துக்கம் என்று போட வாய் வரவில்லை. தேதி மாற்றம் என்றால் புதுத் தேதி கேட்கும். பக்கத்தில் தம்பி ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சீண்டலாம் என்று, "வரன் ஒத்துவரலைன்னு போடுங்கண்ணே, பாத்தாலே தெரியுதுல்ல" என்றேன். அலுவலகமே சிரித்தது.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். இந்த முறை மேனேஜர் கிசுகிசுத்தார். "ரசீத வாங்கிப் படிச்சுட்டாங்க. முந்தைய பதிவு ரத்து, வரன் ஒத்துவரவில்லைன்னு அச்சாகியிருக்கு. நின்னுபோன கல்யாணத்து நாளு எம்பொண்ணுக்கு வேணாம்னுட்டாங்க. வேற எடமும் இல்ல. அழுகுறாங்க, ஆனா வாங்க மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து வாயால சொன்னாத்தான் ஆகும்."

"இந்தா வாரேண்ணே" என்று தம்பியின் பைக்கில் ஏறினேன். வழியெல்லாம் அவன், "விதி எண் முப்பத்தெட்டு யாரு எழுதுனது? முப்பத்தொம்பது யாரு எழுதுனது?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போக, நான் முதலில் உள்ளே போனேன். அந்த அம்மா கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். மடியில் பத்திரிகையின் மாதிரித் தாள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், நேரம் எல்லாம் இருந்தது. மண்டபத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. "இவங்கதான்" என்று மேனேஜர் என்னைக் காட்டினார். அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்க தாயி. ஒனக்கு எம்புட்டு வயசாகுது?"

"முப்பத்தேழு. அம்மா, இது வந்து..."

"இந்த வயசுல கூடி வந்தத இப்பிடியா கலைப்பாங்க படுபாவிங்க."

"அய்யோ, அது நெசக் கல்யாணம் இல்லம்மா. கம்ப்யூட்டர் சரியா வேலை செய்யுதான்னு பாக்கப் பொய்யாப் போட்டது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணம் நின்றுபோன பெண்கள் இப்படித்தான் மழுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும் போல. மேனேஜருடைய மேசைக்குப் போய் அங்கிருந்த திரையில் விரலை வைத்தார்.

"படிச்சேன் தாயி. பொண்ணு பேரு ஒம்பேரு. சாப்பாட்டுல இருவது பேருக்கு உப்பு கம்மியா தனியான்னு எழுதியிருக்கு. மேடையில ரோசாப்பூ வேணாம், பொண்ணுக்குத் தும்மல் வரும்னு எழுதியிருக்கு. பொய்க் கல்யாணத்துல எப்பிடி தாயி தும்மல் வரும்?"

குறிப்புகள் என்ற கட்டத்தை நிரப்பும்போது கை தானாக அடித்த வரிகள் அவை. பத்து வருடத்துக்கு முன் என் கல்யாணத்துக்கு மண்டபத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தவை. அந்தக் கல்யாணம் ஒன்பது நாள் இருக்கும்போது நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் தம்பி ஹெல்மெட்டும் லேப்டாப் பையுமாக வேர்த்துப்போய் உள்ளே வந்தான். "வண்டி விட எடமே இல்லக்கா. என்னக்கா, சொல்லிட்டியா?"

அந்த அம்மா மேனேஜரைப் பார்த்தார். "இவரு யாரு?"

"மாப்ள நம்பர் இவரோடதுதான்" என்றார் மேனேஜர்.

"இவரு அக்காங்கிறாரு?"

"அக்காவ அக்கான்னு கூப்புடாம பின்ன என்னான்னும்மா கூப்புடுறது?" என்றான் தம்பி, ஒன்றும் புரியாமல்.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கட்டிக்கப் போறவள எவன் அக்காம்பான்! சரிதான், பொய்தான் போ." நான் தொண்டை கிழியச் சொல்லியும் நம்பாதவர் ஒரே ஒரு அக்காவில் நம்பிவிட்டார். எங்கள் அலுவலகத்தில் இவரைச் சேர்த்துக்கொண்டால் என் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப நாள எடுத்துக்கிறேன்" என்றார். "ஆனா ரசீதுல அந்த ரத்துங்கிற வரிய எடுத்துருங்க. சம்பந்தி கண்ணுல பட்டா ஆகாது."

காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் பேசியவள் நான். தம்பி என்னைக் கேலியாகப் பார்த்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தான். நான் தலையை ஆட்டினேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தைவிட என் விதி பெரிதா என்ன? அந்த அம்மாவும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மெய்யாவே நின்னுபோனதா இருந்தா நான் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். அது பீடை புடிச்ச நாளு. அந்த நாளும் வெளங்காது, அந்தப் பொண்ணும் வெளங்க மாட்டா" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியாது. "எனக்கு மெய்யாவே நின்னிருக்கும்மா" என்றேன். "இந்தக் கல்யாணம் பொய்யி. தும்மல் மெய்யி. பத்து வருசம் முன்னாடி நின்னுச்சு. அந்த மண்டபத்த அன்னைக்கு வேற யாருமே வாங்கலைன்னு சொன்னாங்க. நான் வெளங்காமயா போயிட்டேன்? ஒங்க முன்னாடி உக்காந்துதான இருக்கேன்?"

தம்பியின் விரல்கள் அப்படியே நின்றன. அவனுக்கு இது தெரியாது. மேனேஜர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அந்த நாளில் எழுதியிருப்பது கல்யாணம் நின்றுபோன ஒருத்தியின் பெயர் என்று நானே என் வாயால் சொல்லியாகிவிட்டது. இந்த அம்மா எழுந்து போய்விட்டால் அவர் மகளுக்கு ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் மாப்பிள்ளை வீட்டார் மனம் எப்படி மாறுமோ? அப்படி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். என் நாக்கை அறுத்துப்போட வேண்டும் போல இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. "என்னைக்கு?" என்றார்.

"என்ன?"

"ஒன் கல்யாணம். என்னைக்கு வச்சிருந்தாங்க?"

தேதி, மாதம், வருடம், முகூர்த்த நேரம் வரை சொன்னேன். மறந்தால்தானே யோசித்துச் சொல்ல.

அவர் உதடு அசைய விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "தை மாசம். அட, அன்னைக்குத்தான் எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம். பெரிய முகூர்த்தம்ல, ஊரெல்லாம் மேளம். அதே நேரந்தான் தாலி ஏறுச்சு. இப்ப ரெண்டு புள்ளைக அவளுக்கு. புருசன் அவ கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டான். எங்க குடும்பத்துலயே அவதான் ராணி கணக்கா..." என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனவர் சட்டென்று நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

அவர் அளவு டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

ஒவ்வொரு தையிலும் அந்தத் தேதியில் லீவு போட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடக்கிறவள் நான். காலண்டரில் அந்தத் தாளை முந்தின நாளே சேர்த்துக் கிழித்துவிடுவேன். ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒருத்திக்குச் சரியாக வந்து ஒருத்திக்குத் தவறாக வந்தால், பிழை தேதியில் இல்லை என்று முதல் மாத டெஸ்டருக்குக்கூடத் தெரியும். ஊரான் பிழையெல்லாம் கண்டுபிடித்த எனக்கு இது பத்து வருடமாகத் தெரியவில்லை.

அந்த அம்மா டேப்பை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, அத மூடுங்க. ஒண்ணும் அழிக்க வேணாம். ரசீத அப்பிடியே குடுங்க."

"சம்பந்தி வீட்ல பாத்தா?" என்றார் மேனேஜர்.

"பாத்தா பாக்கட்டும். என்ன சொல்லணுமோ அத நான் சொல்லிக்கிறேன். எங்க அக்கா மகளக் கூட்டியாந்து நிறுத்துறேன், பேசட்டும்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்துக்குப் போனைப் போட்டு, மண்டபத்தின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை. தம்பி தன் கைக்குட்டையைக் கொடுத்தான், அதில் பைக் எண்ணெய் வாடை. அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது என்று அதற்குள் மேனேஜரோடு சண்டையை ஆரம்பித்திருந்தார்.